சனிக்கிழமைக்குக் கோடு கிடையாது

“என் வீட்டுக்காரர் குடிக்கலைன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம்,” என்றாள் லூயிசா. “அது எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க இருந்தார்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

தேவானை நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். மயிலாப்பூர் கச்சேரி சாலையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். வரும் வழக்குகளில் பாதி மாப்பிள்ளை விசாரணை, மீதி காணாமல்போன ஸ்கூட்டர். கண் பரிசோதனைக்கு வந்து, படி மாறி ஏறி, வழக்கு கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

லூயிசா படி மாறி வந்தவளாகத் தெரியவில்லை. தி.நகர் துணிக்கடை ஒன்றின் சீருடைப் புடவையில், உணவு இடைவேளையில் பஸ் பிடித்து வந்திருந்தாள். சாப்பிட்ட முகமாகவும் இல்லை.

“முதல்ல இருந்து சொல்லுங்க,” என்றாள் தேவானை.

லூயிசாவின் கணவன் சேரன் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவன். போன சனிக்கிழமை காலை வேனில் ஏறி உட்கார்ந்தவனால் கியர் போட முடியவில்லை. இடது கை மணிக்கட்டு, காம்பு ஒடிந்த பூ மாதிரி தொங்கியது. விரல்களை நிமிர்த்த முடியவில்லை. அவனே இறங்கிப் போய்ப் பள்ளியில் சொன்னான். பள்ளி அவனை அடையாறில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பியது. கிளினிக் பள்ளிக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. அறிக்கையைப் படித்த பள்ளி, குழந்தைகளை ஏற்றும் வேனைக் குடிகாரனிடம் கொடுக்க முடியாது என்று அவனை வீட்டுக்கு அனுப்பியது.

“அவர் என்ன சொல்றார்?”

“குடிக்கலைங்கறார். அப்ப ராத்திரி எங்க இருந்தேன்னா வாயைத் திறக்க மாட்டேங்கறார். ரெண்டு மூணு வாரமா வெள்ளிக்கிழமை ஆனா, வேன் ஷெட்டுல நைட் வாட்ச்னு சொல்லிட்டுப் போவார். ஷெட் ஓனர்கிட்ட கேட்டேன். அவர் நைட் வாட்சே வெச்சதில்லையாம்.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமினார். மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தேவானைக்கு உதவியாளராக இருப்பவர். எதிரில் யார் வந்தாலும் டிக்கெட் எடுத்தவரா எடுக்காதவரா என்று முதலில் எடை போடுவார்.

“யம்மா, நீ குடிக்கலைன்றே. அத்த எப்டி அவ்ளோ கேரண்டியா சொல்றே?”

“பதினாலு வருஷமா அவர் பக்கத்துல படுக்கறேன்.”

பஞ்சாட்சரம் தலையாட்டினார். அந்தப் பயணியிடம் டிக்கெட் இருந்தது.

லூயிசா நீட்டிய அறிக்கையைத் தேவானை வாங்கிப் பார்த்தாள். துப்பறிய வருவதற்கு முன் அவள் பல வருடம் மெடிக்கல் கோடிங் வேலையில் இருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் எழுதும் நோய்களையெல்லாம் எழுத்தும் எண்ணும் சேர்ந்த கோடுகளாக மாற்றுகிற வேலை. காப்பீட்டுக் கம்பெனிக்கு நோயாளியின் வேதனை புரியாது, எண் புரியும்.

அறிக்கையில் மூன்று கோடுகள் இருந்தன. முதலாவது ஆர் 29.898.

“இது கை பலவீனம்,” என்றாள் தேவானை. “கையில பலம் இல்லைன்னு ஒருத்தர் வந்தா அதுக்குன்னு தனிக் கோடு கிடையாது. ‘மற்றவை’ங்கற மூட்டையில போடணும். என்னமோ ஆயிருக்கு, என்னன்னு தெரியலைன்னு அர்த்தம். ரெண்டாவது ஜி 56.32. இடது கை ரேடியல் நரம்பு. இது சரியா இருக்கலாம்.”

“மூணாவது?”

“எஃப் 10. மது.”

லூயிசா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட வார்த்தைக்குரிய எந்த லட்சணமும் அதில் இல்லை.

“வீட்டுல வேற யார் இருக்காங்க?” என்று கேட்டாள் தேவானை.

“எங்க பொண்ணு கயல். பத்து வயசு. அவரோட அப்பா அம்மா நான் கல்யாணம் ஆகி வரும்போதே இல்லை. எங்க டாடி சாந்தோம்ல இருக்கார். பேச்சு இல்லை. வேற மதத்துப் பையனைக் கட்டினேன்னு கல்யாணத்துக்கே வரல. மாப்பிள்ளை மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டேன்னு சொன்னார். இன்னைக்கு வரைக்கும் பார்த்ததில்லை.”

“நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“போனேன். கதவைத் திறக்கல. செத்தா சொல்லியனுப்புங்க, அதுவரைக்கும் வர மாட்டேன்னு வாசல்லயே நின்னு கத்திட்டு வந்துட்டேன்.” அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். “அது பழைய கதை. நீங்க வெள்ளிக்கிழமையைப் பாருங்க.”

அவள் இறங்கிப் போனதும் பஞ்சாட்சரம், “மேடம், மூஞ்சிய இன்னாத்துக்கு அப்டி வெச்சிக்கினு கீறீங்க?” என்றார்.

“இந்த நரம்புக் கோளாறுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவங்ககிட்ட சொல்ல வாய் வரல.”

“குடியவிட மோசமா?”

“பொண்டாட்டிக்கு மோசம்.”

அடையாறு கிளினிக்கின் பின்னறையில், குளிர்சாதனக் காற்று நேரே பிடரியில் விழும் இடத்தில் அஸ்வின் உட்கார்ந்திருந்தான். அறிக்கைக்குக் கோடு போட்டவன் அவன்தான். கோடிங் பயிற்சியில் தேவானையிடம் படித்தவனும்கூட. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“உக்காரு. இந்த எஃப் 10 எங்கேருந்து வந்துச்சு?”

அஸ்வின் அறிக்கையைப் பார்த்தான். “டாக்டர் ‘சாட்டர்டே நைட் பால்ஸி’ன்னு எழுதியிருந்தார் மேம். எனக்குப் புரியல. இணையத்துல தேடினேன். சனிக்கிழமை ராத்திரி குடிச்சுட்டு, நாற்காலி மேல கையைப் போட்டுக்கிட்டே தூங்கிட்டா வர்ற கை முடக்கம்னு இருந்துச்சு. சரி, காரணத்தையும் சேர்த்துடலாம்னு...”

“டாக்டர் குடின்னு எழுதினாரா?”

“இல்ல மேம்.”

“டாக்டர் எழுதாததை நீ கோடு போடலாமா?”

“கூடாது மேம்.”

“சனிக்கிழமைன்னு ஏதாவது கோடு இருக்கா?”

அஸ்வின் யோசித்தான். “சனிக்கிழமைக்குக் கோடு கிடையாது மேம். வாத்து மோதினா உண்டு.”

“இன்னாது?” என்றார் பஞ்சாட்சரம்.

“டபிள்யூ 61.62 சார். வாத்து மோதிக் காயம் பட்டா. மேம்தான் சொல்லிக் கொடுத்தாங்க.”

“வாத்து மோதுனா நம்பர் கீது. பதினாலு வருசமா ஒயுங்கா வூட்டுக்கு வர்ற மனுசனுக்கு நம்பர் இல்ல.” பஞ்சாட்சரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அதுவும் சம்பவம் நடந்தது வெள்ளிக்கெயம ராத்திரி. நீ சனின்னு கிழிச்சிக் குடுத்துகீற. டிக்கெட்டே தப்பு நைனா.”

தேவானை அஸ்வினை எழுப்பி டாக்டரின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பஞ்சாட்சரமும் பின்னாலேயே வந்தார். டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. அறிக்கையை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் எழுதாத வியாதியை இவன் எழுதியிருக்கானே.”

“சனிக்கிழமைன்னு நீங்கதானே எழுதினீங்க டாக்டர்,” என்றாள் தேவானை.

“அது பேரும்மா. காலேஜ்ல நாங்க படிச்ச பேர். மேல்கையில எலும்பை ஒட்டிண்டு அந்த நரம்பு போறது. மணிக்கணக்கா அது அழுந்திண்டே இருந்தா மணிக்கட்டு தொங்கிப் போயிடும். வெள்ளைக்காரன் ஊர்ல சனிக்கிழமை குடிச்சுட்டுத் தூங்கறவாளுக்கு நிறைய வந்தது, அவன் அப்படிப் பேர் வெச்சான். நம்மாத்துல ரேழியில உக்காந்துண்டே தூங்கினாலும் வரும்.”

“இதுக்கு இன்னொரு பேரும் உண்டு,” என்றாள் தேவானை.

டாக்டர் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்தார். “உண்டு,” என்றார் காலண்டரிடம். “ஹனிமூன் பால்ஸி. ராத்திரி பூரா ஒருத்தர் கை மேல இன்னொருத்தர் தலை வெச்சுண்டு தூங்கினா.”

“அப்ப ஒண்ணு நாற்காலி. இல்லாங்காட்டி ஒரு தலை,” என்றார் பஞ்சாட்சரம். “நாற்காலின்னா வேல போவும். தலைன்னா பொண்டாட்டி பூடுவா. பேஜாரான கை.”

“டாக்டர், தூங்கும்போது கை எப்படி இருந்துச்சுன்னு நீங்க கேட்கலையா?”

“கேட்டேன். கம்பி மேல இருந்துதுன்னான். அழுந்தி வலிச்சா கையை எடுத்துடறதுதானேன்னேன். எடுக்கலைன்னான்.”

“ஏன்?”

“எடுத்தா முழிச்சுண்டுடுவார்னு...” டாக்டர் நிறுத்தினார். தான் சொன்னதை அவரே அப்போதுதான் கேட்டார்.

தேவானை முன்னால் குனிந்தாள். “அவன் சொன்ன வார்த்தை அப்படியே வேணும் டாக்டர். உங்க பாஷையில வேண்டாம், அவன் பாஷையில.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ சுலோகம் சொல்லப்போகிறவரைப் போல இருந்தது. “‘கைய எட்த்தா முய்ச்சிக்குவாரு சார்.’ இப்படித்தான் சொன்னான்.”



“வாரு,” என்றாள் தேவானை.

“வாரு,” என்றார் பஞ்சாட்சரம். அவர் முகத்தில் முதல்முறையாக ஓர் அமைதி வந்தது. “பொம்பளையா இர்ந்தா முய்ச்சிக்குவா. மரியாதப்பட்ட பொம்பளைன்னா முய்ச்சிக்குவாங்க. வாருன்னா மீச கீது மேடம். நரச்ச மீச.”

கிளம்புவதற்கு முன் அஸ்வின் எஃப் 10-ஐ அழித்தான். டாக்டர் தன் பெயரில் ஒரு வரி சேர்த்தார்: நோயாளியிடம் மது அருந்தியதற்கான எந்த அறிகுறியும் காணப்படவில்லை. திருத்திய அறிக்கை பள்ளிக்கு மின்னஞ்சலில் போனது. தேவானை வாசலில் நின்று பள்ளி மேலாளருக்குப் போன் செய்து, அதைத் திறந்து படிக்கவைத்தாள். கை சரியானதும் வேலைக்கு வரலாம் என்றார் மேலாளர். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் அவர் சுற்றிக்கொண்டு போனார்.

“கேஸு முடிஞ்சிது,” என்றார் பஞ்சாட்சரம்.

“லூயிசா கேட்டது இது இல்லை. எங்க இருந்தார்னு கேட்டாங்க.”

“ஆம்பளதான்னு தெரிஞ்சி போச்சே.”

“எந்த ஆம்பளை? அவனுக்கு அப்பா இல்லை. யாருக்காக ஒருத்தன் வேலையை விட்டுட்டு வாயை மூடிட்டு இருப்பான்?”

வேன் ஷெட் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கம், ஒரு சந்தின் முடிவில் இருந்தது. உரிமையாளர் ஹபீபுர் ரஹ்மான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து இன்னொரு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேரனா? தங்கமான பையன்,” என்றார். “ஆனா நைட் வாட்ச் எல்லாம் கிடையாது அம்மா. இந்த ஷெட்டுல திருடறதுக்கு என்ன இருக்கு? சாயங்காலம் வேனைப் போட்டுட்டு, அந்த ஸ்டவ்வுல கஞ்சி வெப்பான். ஃபிளாஸ்க்குல ஊத்திக்குவான். போயிடுவான்.”

“வெள்ளிக்கிழமை மட்டுமா?”

“தினமும். மத்த நாள்ல சீக்கிரம் திரும்பி வந்து சைக்கிளை எடுத்துட்டு வீட்டுக்குப் போவான். வெள்ளிக்கிழமைதான் சைக்கிள் ராத்திரி பூரா இங்கயே நிக்கும்.”

பஞ்சாட்சரம் தேவானையின் பக்கம் சாய்ந்தார். “ஃபிளாஸ்க் எட்த்துக்கினு எவனும் சாராயக் கடைக்குப் போவ மாட்டான் மேடம். அங்க அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது.” பிறகு ஹபீபுர் ரஹ்மானிடம், “பாய், பஸ் ஏறுவானா? ரோட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?” என்று கேட்டார்.

“அந்தாண்ட. பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம்.”

“ராயப்பேட்ட போற வண்டி.”

“அந்தக் கஞ்சி எப்படி இருக்கும்?” என்றாள் தேவானை.

ஹபீபுர் ரஹ்மான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தவரைப் போலத் தெரிந்தது. “ஒரு நாள் ஒரு வாய் குடிச்சேன். உப்பே இல்லை அம்மா. ஒரு கல் உப்புகூட இல்லை. மறந்துட்டியாடான்னேன். இல்ல பாய், உப்பு கூடாதுன்னான்.”

சந்திலிருந்து வெளியே வந்ததும் தேவானை நின்றாள்.

“உப்பு ஆகாத ஒரு பெரியவர். உட்கார்ந்தே தூங்கறவர். படுத்தா மூச்சு முட்டும், அதனால சாய்ஞ்சுக்க ஒரு தோள் வேணும். பக்கத்துல இரும்புக் கம்பி. இதெல்லாம் ஒண்ணா எங்க இருக்கும்?”

வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்குப் பஞ்சாட்சரம் கை காட்டினார்.

“ஏறுங்க மேடம். பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பு.”

ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. ஆரஞ்சுப் பைகளோடும் பால் பாத்திரங்களோடும் ஜனங்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வார்டின் கடைசியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் ஒரு பெரியவர் மூன்று தலையணைகளை முட்டுக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை நறுக்கென்று இருந்தது. கட்டிலின் பக்கவாட்டில் இரும்புக் கம்பி.

பக்கத்தில் ஸ்டூலில் இருந்தவனின் இடது மணிக்கட்டில் கட்டு. தேவானை தன் பெயரையும், யார் அனுப்பி வந்தாள் என்பதையும் சொன்னதும் அவன் முதலில் பெரியவர் முகத்தைத்தான் பார்த்தான். தூக்கம் கலையவில்லை என்று தெரிந்த பிறகு எழுந்து வராந்தாவுக்கு வந்தான்.

“லூயிசாக்குத் தெரியுமா?” என்றான் சேரன்.

“இன்னும் இல்லை. உங்க பேர்ல இருந்த குடியை எடுத்தாச்சு. கை சரியானதும் வேலைக்கு வரச் சொன்னாங்க.”

அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டானா என்றே தெரியவில்லை.

“அது அவ டாடி மேடம். ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர். ஸ்கூல்ல டிரில் வாத்தியாரா இர்ந்தவரு. எங்கூட்டு ஆல்பத்துல போட்டோ பார்த்துகீறேன், அதான் தெர்ஞ்சிது. சாந்தோம்ல புள்ளைங்கள ஏத்தும்போது, பிளாட்பாரத்துல மூச்சு வாங்கிக்கினு உக்காந்துகினு இர்ந்தாரு. புள்ளைங்கள எறக்கிட்டு ஓடியாந்து தூக்கினு வந்தேன். ராத்திரில ஆம்பள வார்டுல ஆம்பளதான் கூட இருக்கலாம். மத்த நாளு மாதா கோயில்லேர்ந்து யாராச்சும் வருவாங்க. வெள்ளிக்கெயம யாரும் இல்ல.”

“வீட்டுல ஏன் சொல்லல?”

“ரெண்டு பேருமே சொல்லாதேன்ட்டாங்க.” அவன் கட்டுப் போட்ட கையை வலது கையால் தாங்கிக்கொண்டான். “செத்தா சொல்லுன்னு அவ சொன்னா. இப்டி கெடக்கறத எம் பொண்ணு பாக்கக் கூடாதுன்னு இவுரு சொன்னாரு. நா இன்னா பண்றது?”

“உங்களை யார்னு அவருக்குத் தெரியுமா?”

சேரன் தரையைப் பார்த்தான். “பேரு கேட்டாரு. சேரன்னா எந்திரிச்சே பூடுவாரு. அந்த மூச்ச வெச்சிக்கினு எங்க போறது? அதான் ஃபிரெட்ரிக்னு சொல்லிட்டேன்.”

பஞ்சாட்சரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நம்பிட்டாரா?”

“நம்பிட்டாரு. டெய்லி ஜெபமாலை சொல்லச் சொல்றாரு. வேன்ல பாதிரியார் வூட்டு வாச்மேன் புள்ளைகிட்ட கேட்டுக் கத்துக்கினேன்.” அவன் வார்டின் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். “அன்னிக்கி ராத்திரி ரொம்ப முட்டிச்சி அவுருக்கு. கம்பி மேல கைய வெச்சேன், அது மேல சாஞ்சாரு. அப்பத்தான் தூங்குனாரு மேடம். எத்தினி நாள் கயிச்சி. கைய எப்டி எடுக்கறது?”

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டு, கீழே போய் ஒரு மாத்திரை வாங்கிவரச் சொன்னார். பஞ்சாட்சரமும் துணைக்குப் போனார். தேவானை திரும்பியபோது பெரியவரின் கண்கள் திறந்திருந்தன. விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டார்.

“போயிட்டானா?”

“கீழே போயிருக்கார். நீங்க தூங்கறீங்கன்னு...”

“கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. “அவன் சிலுவை போடறதைப் பார்த்திருக்கீங்களா? நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோள். எல்லாம் சரியாப் போடுவான். கடைசியில மூணு விரலால நெத்தியில திருநீறு பூசிட்டு முடிப்பான். அவன் ஃபிரெட்ரிக்னா நான் பார்த்தசாரதி.”

தேவானை ஸ்டூலில் உட்கார்ந்தாள். துப்பறியும் தொழிலில் அவளுக்கு எதிர்பாராமல் கிடைத்த சாட்சிகள் சிலர் உண்டு. இந்த மாதிரி ஒருவர் கிடைத்ததில்லை.

“எப்ப தெரிஞ்சுது சார்?”

“வந்த மறுநாளே. அவன் போன் அடிச்சா கவுத்து வைப்பான். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுடும். கெட்டுப்போனது இதயம், கண்ணு இல்லை. லூயிசா படம் வரும்.”

“ஏன் சொல்லல?”

ஸ்தனிஸ்லாஸ் ஜன்னலைப் பார்த்தார். “ஃபிரெட்ரிக்னா நான் நன்றி சொன்னாப் போதும். சேரன்னா மன்னிப்புக் கேட்கணும். எனக்கு அவ்வளவு மூச்சு இல்லைன்னு நினைச்சுக்கிட்டேன்.” கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “அவன் கையை நான்தான் கெடுத்தேன். அன்னைக்கு நடுவுல முழிச்சேன். கை கம்பியில அழுந்திக்கிட்டிருந்தது தெரிஞ்சுது. எழுந்திருக்க மனசு வரல.”

தேவானை நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

“அந்தப் படத்துல லூயிசா பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு நிக்குது,” என்றார் அவர். “ஃபிரெட்ரிக்கிட்ட அதைப் பத்திக் கேட்க முடியாது. அது பேர் உங்களுக்குத் தெரியுமா?”

“கயல்.”

அவர் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் ஒருமுறை உதட்டால் சொல்லிப் பார்த்தார்.

தேவானை போனை எடுத்தாள். “சார், உங்க பொண்ணு என் கட்சிக்காரர். வெள்ளிக்கிழமை தன் வீட்டுக்காரர் எங்க இருந்தார்னு கேட்டிருக்காங்க. நான் சொல்லியாகணும்.”

ஸ்தனிஸ்லாஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. மீசையை மட்டும் ஒரு விரலால் சரிசெய்துகொண்டார்.

வராந்தாவின் முனையில் நின்று தேவானை பேசினாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். குடிக்கவில்லை. ராயப்பேட்டை, ஆண்கள் வார்டு. உங்கள் டாடி. மறுமுனையில் துணிக்கடை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ ஒரு வாடிக்கையாளர் வேறு நிறம் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு லூயிசா, “உசுரோடதானே இருக்கார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் போன் நின்றது.

பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில் அவள் வந்து சேர்ந்தாள். சீருடைப் புடவையில் பெயர்ப் பட்டை அப்படியே இருந்தது. சேரன் ஸ்டூலிலிருந்து எழுந்து, கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவள் அவனைத் தாண்டி வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் ஏதோ சொல்ல ஒத்திகை பார்த்து வந்தவள். அப்பாவின் வீங்கிய கால்களைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

“சாப்ட்டீங்களா டாடி?”

ஸ்தனிஸ்லாஸ் ஜன்னலைப் பார்த்தபடியே, “ஃபிரெட்ரிக் கொடுத்தான்,” என்றார்.

“அவர் பேர் ஃபிரெட்ரிக் இல்லை.”

பக்கத்துக் கட்டில்காரர் டீயில் தோய்த்த பிஸ்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். ஸ்தனிஸ்லாஸ் ஒரு மூச்சு எடுத்தார். இன்னொன்று எடுத்தார். தலையைத் திருப்பி, லூயிசாவைத் தாண்டி அவனைப் பார்த்தார்.

“சேரன்,” என்றார். “சேரன் கொடுத்தான்.”

சேரன் இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

“கையை முன்னால கொண்டு வா. டாக்டர்கிட்ட ஒழுங்காக் காட்டு. உனக்கு வேன் ஓட்டணும்.” அவ்வளவுக்கே அவருக்கு மூச்சிரைத்தது. லூயிசா தலையணையைச் சரிசெய்து, அவர் முதுகைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள்.

“கயல் எப்படி ஓடுவா?” என்று கேட்டார்.

லூயிசா தேவானையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். “நல்லா ஓடுவா டாடி. ஆனா முட்டி உள்பக்கம் மடங்கும். பி.டி. மிஸ் திட்டறாங்க.”

“அந்த மிஸ்ஸுக்கு என்ன தெரியும்,” என்றார் ஸ்தனிஸ்லாஸ். “நாளைக்குக் கூட்டிட்டு வா. இந்த வராந்தாவுல நடக்கச் சொல்லு, நான் இங்கேருந்து பார்க்கறேன். ஷூ போட்டுக்கிட்டு வரச் சொல்லு.”